பட்டியல் தயாரா? கூடங்குளத்திலிருந்து ப்ராடக்ட் ஓனர் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கூடங்குளம் முதல் யூனிட் என்றைக்கு முடிந்தது? ப்ளாண்டில் வேலை பார்த்த நாலு பேரிடம் கேளுங்கள். ஒருவர் 2013 ஜூலை 13 என்பார். அன்றுதான் அணு உலை முதன்முதலாக கிரிட்டிகாலிட்டியை எட்டியது. இன்னொருவர் அதே ஆண்டு அக்டோபர் 22 என்பார். அன்று மின்சாரம் கிரிட்டுக்குப் போனது. மூன்றாமவர் 2014 ஜூன் 7 என்பார். முழு 1,000 மெகாவாட் வந்த நாள் அது. கணக்குப் பிரிவில் இருந்தவர் 2014 டிசம்பர் 31 என்பார். வணிக உற்பத்தி அன்றுதான் தொடங்கியது.

நாலு பேர் சொல்வதும் உண்மை. ஒரே வேலைக்கு நாலு முடிவுத் தேதி இருக்கலாம். ஆனால் எந்தத் தேதியை நம்பி யார் பணம் கொடுப்பது, யார் அடுத்த வேலையைத் தொடங்குவது என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். அணு மின் நிலையத்தில் அது எழுத்தில் இருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் பலவற்றில் இருப்பதில்லை. டெவலப்பர் ‘முடிச்சாச்சு’ என்பார். டெஸ்டர் ‘இன்னும் இல்லை’ என்பார். கஸ்டமர் ‘நான் கேட்டது இது இல்லையே’ என்பார். இந்த மூன்று பேச்சும் ஒரே நாளில் கிளம்பாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கம்பெனி நல்ல சம்பளம் கொடுக்கும். அந்தப் பதவியின் பெயர் ப்ராடக்ட் ஓனர்.

ராதாபுரம், வள்ளியூர், பணகுடி, திசையன்விளை பக்கத்துப் பிள்ளைகள் பலர் ப்ளாண்டின் கான்ட்ராக்ட் கம்பெனிகளில் ப்ளானிங் இன்ஜினீயராக, கியூ.ஏ. ஆளாக, டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருக்கிறீர்கள். முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகளில் சைட் கோஆர்டினேட்டராக இருக்கிறீர்கள். கான்ட்ராக்ட் முடிந்தால் அடுத்து என்ன என்ற கேள்வி உங்கள் எல்லோருக்கும் உண்டு. ப்ராடக்ட் வேலை என்றாலே பெங்களூரு பஸ் ஏற வேண்டும் என்பதும் இல்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லிருந்து இயங்குகிறது. ஜோஹோ டெஸ்க் அங்கே உருவான ப்ராடக்ட். போட்டி மட்டும் எங்கே போனாலும் ஒன்றுதான். பிசினஸ் அனலிஸ்ட், சீனியர் டெஸ்டர், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் எல்லோருக்கும் இதே நாற்காலி மேல் கண். அவர்களை முந்த உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஜைல் எனப்படும் வேலைமுறைகளில் ஒன்றான ஸ்க்ரமை 1995-இல் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் முன்வைத்தார்கள். அவர்கள் எழுதிய ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பு இலவசம், பக்கங்களும் குறைவு, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஸ்ப்ரின்ட்டுகளாக வேலை நடக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் பயன்படுத்தக்கூடிய ஒன்று கையில் இருக்க வேண்டும். செய்ய வேண்டியவற்றின் ஒரே பட்டியல் ப்ராடக்ட் பேக்லாக். அதில் எது மேலே, எது கீழே என்று தீர்மானிப்பவர் ப்ராடக்ட் ஓனர். அவர் ஒரே ஆள், கமிட்டி கிடையாது. டெவலப்பர்களுக்கு அவர் மேலதிகாரியும் கிடையாது.

இந்த வேலையில் பெயர் எடுப்பதும் பெயர் கெடுவதும் ஸ்ப்ரின்ட்டின் தொடக்கத்தில் நடக்கும் ப்ளானிங் மீட்டிங்குக்கு முன்பே முடிவாகிவிடும். பட்டியல் தயாரில்லாமல் மீட்டிங்கைக் கூட்டுவது, சமையல்காரர் வந்து நின்ற பிறகு மளிகைச் சீட்டு எழுத உட்காருவதைப் போன்றது. அதனால் இனி நான் சொல்பவற்றில் முக்கால்வாசி அந்த மீட்டிங்குக்கு முந்தைய நாட்களைப் பற்றியவை.

1. கையில் இருப்பதை ஐ.டி. பாஷையில் சொல்லுங்கள்

ரெஸ்யூமேயில் ‘ப்ளானிங் இன்ஜினீயர், 3 வருடம்’ என்று மட்டும் எழுதினால் எச்.ஆர். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஹோல்ட் பாயின்ட் என்றால் உங்களுக்குத் தெரியும்: இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது. அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது வேலை முடிந்தது என்று ஏற்பதற்கான நிபந்தனைகள், பேசுகிறவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு வார லுக்-அஹெட் ப்ளான் போட்டிருந்தால் ஸ்ப்ரின்ட் ப்ளானிங்கில் பாதி உங்களுக்குப் பழக்கம். பெர்மிட் வராமல் இருபது பேர் வெயிலில் காத்து நின்றதைப் பார்த்தவருக்கு ‘பிளாக்கர்’ என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் நீங்கள் எடுத்த முடிவையும் அதன் பலனையும் எழுதுங்கள். ‘பெர்மிட் விண்ணப்பத்தை முந்தின நாளே கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன், காலையில் காத்திருப்பு குறைந்தது’ என்பது மாதிரி. உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பொய் வெளுத்துவிடும்.

விட வேண்டிய பழக்கமும் ஒன்று இருக்கிறது. சைட்டில் டிராயிங் அப்ரூவ் ஆனபின் மாற்றம் வந்தால் எரிச்சல் வரும். ப்ராடக்ட் பக்கத்தில் மாற்றம் அன்றாடச் சாப்பாடு. ‘போட்ட ப்ளான்படியே முடித்தேன்’ என்று பெருமையாகச் சொன்னால், ‘யாருக்குப் பயன்பட்டது?’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திருங்கள்.

2. எதை அஜைலாகச் செய்யலாம், எதைக் கூடாது

‘அணு உலையை அஜைல் முறையில் கட்ட முடியுமா?’ கூடங்குளத்துக்காரர் என்று தெரிந்தால் இன்டர்வியூவில் இப்படிக் கேட்க வாய்ப்பு அதிகம். ‘முடியாது’ என்று தயங்காமல் சொல்லுங்கள். உலையின் அழுத்தக் கலத்தைப் பாதி செய்து கொடுத்துவிட்டுப் பயனாளரின் கருத்துக் கேட்க வழியில்லை. அங்கே முழு வடிவமைப்பும் முதலிலேயே வேண்டும்; அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி கட்டம் கட்டமாக வேண்டும்.

அதோடு நிறுத்தாதீர்கள். இயக்கிவைக்கும் கட்டத்தைப் பாருங்கள். நிஜ எரிபொருளை வைக்கும் முன், 2011 ஜூலையில், டம்மி எரிபொருளை வைத்து ஹாட் ரன் நடத்தினார்கள். பம்புகள் ஓடும் சூட்டிலேயே நீரை இயங்கும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் கொண்டுபோய் எல்லாச் சாதனங்களையும் சோதித்தார்கள். நிஜ எரிபொருள் 2012 செப்டம்பரில்தான் உள்ளே போகத் தொடங்கியது. பிறகு மின் உற்பத்தியை 50, 75, 90, 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். ஒவ்வொரு படியிலும் முடிவுகளைக் காட்டி, ஒப்புதல் வாங்கி, பிறகுதான் அடுத்த படி. ஆபத்தும் தெரியாத விஷயமும் அதிகமாக இருக்கும் இடத்தில் சிறு படி எடுத்து வை, பார், கற்றுக்கொள், அடுத்த படிக்குப் போ என்பது அஜைலின் உயிர்நாடி. அதை நேரில் பார்த்தவர் நீங்கள். இந்தப் பதிலைச் சொல்லக்கூடிய பெங்களூரு போட்டியாளர் அநேகமாக இருக்க மாட்டார்.

3. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பட்டியலுக்கு முன்னால் ப்ராடக்ட் கோல். அது இல்லாவிட்டால் பட்டியலில் எதை மேலே வைப்பது என்று யாராலும் வாதிட முடியாது. சத்தமாகப் பேசுகிறவர் கேட்டது மேலே போய்விடும்.

நல்ல நோக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ப்ளாண்டிலேயே உதாரணம் இருக்கிறது. வி.வி.இ.ஆர்.-1000 உலையில் 163 எரிபொருள் தொகுப்புகள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உலையை நிறுத்தி, அவற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். முன்பு சுமார் 12 மாதத்துக்கு ஒரு ஷட் டவுன். 2022-இல் டி.வி.எஸ்.-2எம் என்ற மேம்பட்ட எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வந்தது; அதை வைத்து 18 மாதச் சுழற்சிக்கு மாறுவது திட்டம். ‘புதிய எரிபொருளைக் கொண்டுவருவது’ என்று நோக்கத்தை எழுதியிருந்தால், கொண்டுவந்ததோடு வேலை முடிந்துபோகும். ‘இரண்டு ஷட் டவுனுக்கு நடுவே 18 மாதம் ஓட வேண்டும்’ என்று எழுதினால் பயிற்சி, பராமரிப்பு அட்டவணை, உதிரி பாகம், கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாவற்றையும் அந்த அளவுகோலால் கேள்வி கேட்கலாம். நீங்கள் எழுதும் கோலில் வரப்போகும் பொருளின் பெயர் இருக்கிறதா, மாறப்போகும் நிலைமை இருக்கிறதா என்று பாருங்கள். நிலைமை இருக்க வேண்டும்.

4. ஒப்புக்கொள்ள வேண்டியவர்களை முதலிலேயே போய்ப் பாருங்கள்

ஸ்டேக்ஹோல்டர் பட்டியல் போடச் சொன்னால் புதியவர்கள் பணம் கொடுப்பவர், மேலதிகாரி, கஸ்டமர் என்று மூன்று பெயரோடு நிறுத்துவார்கள். கூடங்குளத்தில் வளர்ந்தவர் அப்படி நிறுத்தக் கூடாது.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. அந்த ஆண்டு ஜூலையில் இங்கே ஹாட் ரன். ஹாட் ரன் சத்தம் கேட்ட மக்களுக்கு ஃபுகுஷிமா படங்கள் மனதில் ஆறவில்லை. ஆகஸ்டிலிருந்து இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்து முன் பந்தலில் மீனவக் குடும்பங்கள் உட்கார்ந்தன. சைட்டில் வேலை பல மாதம் ஏறத்தாழ நின்றது. 2012 மார்ச் 19-இல் மாநில அமைச்சரவை பணிகளைத் தொடரச் சொன்ன பிறகுதான் மறுபடி நகர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 மே 6-இல் 15 கட்டளைகளோடு தீர்ப்பு வந்தது.

அந்தப் போராட்டத்தின் நியாயங்களை ஒரு வேலைவாய்ப்புக் கட்டுரை அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. அந்த மக்கள் கொடுத்த விலை பெரியது. ஆனால் திட்டமிடும் தொழிலுக்கு வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகக் கூடாத ஒன்று அதில் இருக்கிறது. கடலில் விடும் வெந்நீர் மீனை என்ன செய்யும், விபத்து நடந்தால் எந்தப் பாதையில் வெளியேறுவது என்ற கேள்விகள் 2011-இல் திடீரென முளைத்தவை அல்ல. கரையில் அவை பல ஆண்டுகளாக இருந்தன. வேலை ஏறத்தாழ முடிந்த கட்டத்தில் பதில் தேடுவது எல்லாத் தரப்புக்கும் மிகக் கடினமான வழி.

உங்கள் ப்ராடக்ட் சிறியதாக இருக்கும். விதி ஒன்றுதான். யார் ‘சரி’ சொன்னால் வேலை நகரும், யார் ‘வேண்டாம்’ என்றால் நிற்கும், யாருடைய நாள் இதனால் மாறும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பெயர்களைத்தான் பெரும்பாலான ப்ராடக்ட் ஓனர்கள் சந்திப்பதே இல்லை. அவர்களை அவர்கள் இடத்துக்கே போய்ப் பாருங்கள். மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

5. ஒரு ஐட்டத்தை எப்படி எழுதுவது

இதில் கொஞ்சம் நிதானிப்போம். வேலையின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம். ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு கேட் பாஸ் ஆப் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், ஆளுக்கொரு பாஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் தேதி. பாஸ் காலாவதியான ஆள் காலையில் கேட்டில் நிறுத்தப்படுவார். அவருக்கு அன்றைய கூலி போகும். சூப்பர்வைசருக்கு ஷிப்டில் ஆள் குறையும்.

‘பாஸ் மேனேஜ்மென்ட் மாட்யூல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மீட்டிங்குக்குப் போனால், முதல் ஒரு மணி நேரம் அது என்ன என்று எல்லோரும் உங்களைக் கேட்பார்கள். இப்படி எழுதுங்கள்: ‘ஷிப்ட் சூப்பர்வைசராகிய எனக்கு, யாருடைய பாஸ் நாளை முடிகிறது என்று இன்றே தெரிய வேண்டும், தெரிந்தால் பாஸ் செக்‌ஷனில் புதுப்பித்து, காலையில் யாரும் கேட்டில் நிற்காமல் பார்த்துக்கொள்வேன்.’ யாருக்கு, என்ன, எதற்கு என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன.

அடுத்து அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா. ‘மாலை 4 மணிக்கு ஆப்பில் நோட்டிஃபிகேஷன் வர வேண்டும்’ என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதுவீர்கள். பிறகு கேட்டில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். போனை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லாத சைட் என்றால் சூப்பர்வைசர் அதை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். மாலை 4 மணிக்கு உங்கள் நோட்டிஃபிகேஷன் லாக்கருக்குள் ஒலிக்கும். ஷிப்ட் முடிந்து அவர் வெளியே வந்து பார்க்கும்போது பாஸ் செக்‌ஷன் பூட்டியிருக்கும். ஆப்பில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

அதனால் திருத்தி எழுதுகிறீர்கள். காலை 6 மணிக்குள், போன் கையில் இருக்கும்போதே எஸ்.எம்.எஸ். வர வேண்டும். ஒரு நாள் முன்பு சொன்னால் போதாது, மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். நடுவில் ஞாயிறோ பண்டிகையோ வந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யாருடைய பாஸும் முடியாத நாளிலும் ‘யாரும் இல்லை’ என்று ஒரு செய்தி வர வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டம் நின்றுபோனதா, பட்டியலே காலியா என்று அவருக்குத் தெரியாது. இதே செய்தி ஆபீசில் உட்காரும் டைம் கீப்பருக்கும் போக வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் வேலை செய்யும் சைட் இது. தொழிலாளிக்கே செய்தி அனுப்புவதென்றால் இந்தியும் வேண்டும்.

பாருங்கள், இதில் ஒன்றுகூட டெக்னாலஜி இல்லை. எல்லாம் கேட்டில் நின்று பார்த்தால் கிடைப்பவை. இப்படி எழுதிய ஐட்டத்தை டெவலப்பர் படித்தால் கேள்விகள் குறையும். டெஸ்டர் எதைச் சோதிப்பது என்று அன்றே தொடங்கிவிடுவார். ஐட்டம் நன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க பில் வேக் 2003-இல் சொன்ன இன்வெஸ்ட் என்ற ஆறு அம்சச் சோதனை இருக்கிறது; தேடிப் படியுங்கள். அந்த ஆறில் புதியவர்கள் தவறவிடுவது ‘சிறியதாக இருக்க வேண்டும்’ என்பதை.

6. குறுக்கே வெட்டாதீர்கள்

பெரிய ஐட்டத்தைச் சிறிதாக்கச் சொன்னால், முதல் ஸ்ப்ரின்ட்டில் டேட்டாபேஸ், இரண்டாவதில் ஸ்க்ரீன், மூன்றாவதில் எஸ்.எம்.எஸ். என்று பிரிப்பார்கள். மூன்று ஸ்ப்ரின்ட் வரை சூப்பர்வைசருக்கு ஒன்றும் கிடைக்காது. மேலிருந்து கீழ்வரை மெல்லியதாக வெட்டுங்கள். முதல் துண்டு: ஒரே கேட், ஒரே சூப்பர்வைசர், இப்போது இருக்கும் எக்ஸெல் ஷீட்டிலிருந்து பெயர்களை எடுத்துக் காலையில் ஓர் எஸ்.எம்.எஸ். அவ்வளவுதான். அது நிஜமாகவே ஓட வேண்டும். இரண்டாவது துண்டில் எல்லா கேட்டும். மூன்றாவதில் புதுப்பிக்கும் விண்ணப்பம். முதல் துண்டு ஓடும்போதே எக்ஸெல் ஷீட்டில் பாதித் தேதி தவறு என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து, அதை மேலே கொண்டுவாருங்கள்.

7. யாரை நம்பி இந்த வேலை நிற்கிறது?

கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்டது. 1991-இல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1998-இல் துணை ஒப்பந்தம். 2002 மார்ச் 31-இல்தான் முதல் கான்கிரீட். கையெழுத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 13 ஆண்டு. ஒப்பந்தம் போட்ட மறுதரப்பு காணாமல் போவது எவராலும் திட்டமிட முடியாதது. ஆனால் மறுதரப்பு ஒன்று இருக்கிறது, வேலை அதை நம்பி நிற்கிறது என்று எழுதி வைப்பது உங்களால் முடியும்.

சின்ன அளவிலும் இதே கதை. 2023 செப்டம்பரில் 5, 6-ஆவது யூனிட்டுகளுக்கான ஸ்டீம் ஜெனரேட்டர்களைத் தூத்துக்குடியிலிருந்து ஏற்றி வந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து ப்ளாண்டுக்குக் கண்ணெட்டும் தூரத்தில் பாறையில் சிக்கியது. ரஷ்யாவிலிருந்து கடல்களைத் தாண்டி வந்த பொருள் கரைக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டது. திட்டமிடுகிறவர்கள் தூரத்து ஆபத்தை எழுதுவார்கள். கடைசிச் சில நூறு மீட்டரை எழுத மறப்பார்கள். உங்கள் ஆப்புக்கும் அப்படி ஒரு கடைசி மீட்டர் இருக்கும்: எஸ்.எம்.எஸ். அனுப்பும் கம்பெனியின் டெம்ப்ளேட் அப்ரூவல், கஸ்டமர் தர வேண்டிய சர்வர் பாஸ்வேர்டு, ஐ.டி. பிரிவுத் தலைவரின் ஒரு கையெழுத்து. ஒவ்வொரு ஐட்டத்துக்குப் பக்கத்திலும் ஓர் ஆளின் பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் அது ஸ்ப்ரின்ட்டுக்குத் தயாரில்லை.

8. யாரும் கேட்காத ஐட்டங்கள்

கஸ்டமர் பாதுகாப்பைக் கேட்க மாட்டார். அது தானாகவே இருக்கும் என்று நினைப்பார். 2019-இல் கூடங்குளத்தின் நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில், இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்தது. தகவல் செப்டம்பர் 4-இல் நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் மூலம் வந்தது. அக்டோபர் 29-இல் நிலையத் தரப்பு அறிக்கை சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது, மறுநாளே நிலையத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.எல். மால்வேர் புகுந்ததை உறுதிசெய்தது. உலையை இயக்கும் சிஸ்டங்கள் தனியானவை, அவை பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. ஒரு நாள் இடைவெளியில் வந்த இரண்டு அறிக்கைதான் பேச்சாகிப்போனது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பாதுகாப்பு, பேக்கப், வேகம், பழைய கோடிங்கைச் சரிசெய்வது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு ஸ்ப்ரின்ட்டிலும் இடம் ஒதுக்குங்கள். ‘அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்’ என்றால் அது வரவே வராது. இரண்டாவது: ஏதாவது தவறினால் முதல் தகவல் உங்கள் வாயிலிருந்து, முழுதாக, ஒரே தடவையில் போகட்டும். மறைத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொள்கிற ஆளுக்கு ப்ரமோஷன் கிடைக்காது.

9. மீட்டிங் அன்று

முன்தயாரிப்பு சரியாக இருந்தால் இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஒரு மாத ஸ்ப்ரின்ட்டுக்கு ப்ளானிங் அதிகபட்சம் எட்டு மணி நேரம் என்கிறது ஸ்க்ரம் கைடு. இரண்டு வார ஸ்ப்ரின்ட்டின் ப்ளானிங்கை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். முந்தைய வாரமே டெவலப்பர்களோடு ரிஃபைன்மென்ட்டுக்கு உட்கார்ந்து, மேலே உள்ள ஐட்டங்களைப் பேசித் தெளிவாக்கியிருக்க வேண்டும். மீட்டிங்கில் நீங்கள் இந்த ஸ்ப்ரின்ட் எதற்கு என்று சொல்லுங்கள். எவ்வளவு எடுப்பது, எப்படிச் செய்வது என்பதை டெவலப்பர்கள் சொல்வார்கள். ‘இதுக்கு ரெண்டு நாள்தானே ஆகும்?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் டீமின் நம்பிக்கையைத் தின்றுவிடும்.

மேலதிகாரி நடுவில் வந்து புது ஐட்டம் சொருகினால்? ‘செய்யலாம் சார். இதை மேலே வைத்தால் இந்த இரண்டும் கீழே போகும். எதை விடலாம்?’ என்று பட்டியலைத் திருப்பிக் காட்டுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். இதைப் பணிவாகவும் உறுதியாகவும் செய்யத் தெரிந்தவருக்குத்தான் அடுத்த பெரிய ப்ராடக்ட் போகும். மறுக்கத் தெரியாதவர் பட்டியலை டைப் செய்கிற ஆளாகவே இருந்துவிடுவார்.

10. சர்டிஃபிகேட்டும் இன்டர்வியூவும்

ஸ்க்ரம் அலையன்ஸின் சி.எஸ்.பி.ஓ. வாங்க வகுப்பில் உட்கார வேண்டும், தேர்வு கிடையாது. ஸ்க்ரம் டாட் ஆர்கின் பி.எஸ்.பி.ஓ. முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயம் இல்லை. 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் வேண்டும். கைக்காசு போட்டுப் படிக்கிறவருக்கு என் சிபாரிசு இரண்டாவது. வீட்டிலிருந்தே எழுதலாம், தேர்வில் தேறினேன் என்று சொல்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு. சர்டிஃபிகேட் ரெஸ்யூமேயை வடிகட்டலில் தப்பவைக்கும். வேலையை அது வாங்கித் தராது.

வேலையை வாங்கித் தருவது நீங்களே எழுதிய ஒரு பக்க பேக்லாக். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ‘கேஸ் ஸ்டடி ஒன்று கொடுக்கட்டுமா?’ என்று கேட்பதற்கு முன்பே மேஜைமேல் வையுங்கள். ப்ளாண்டின் உள்விவரம், டிராயிங், டாக்குமென்ட் எதையும் அதில் தொடாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, உங்களை நம்பக் கூடாது என்று எதிரில் இருப்பவருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஊர்ச் சந்தை, மீன் ஏலம், மினி பஸ் நேரம், பள்ளி வேன் என்று கேட்டுக்கு வெளியே விஷயம் நிறைய இருக்கிறது.

இங்கிலீஷ் பற்றிய பயம் நம் பக்கத்தில் அதிகம். அலங்கார இங்கிலீஷ் தேவையில்லை. ‘பிரச்சினை இது. பாதிக்கப்படுகிறவர் இவர். முதலில் இதைச் செய்வேன், காரணம் இது. இதைச் செய்ய மாட்டேன், காரணம் இது.’ இந்த நாலு வாக்கியத்தை இங்கிலீஷில் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். கண்ணாடி முன் நின்று பழகுவதைவிட, போனில் பதிவுசெய்து கேட்பது சீக்கிரம் திருத்தும். ‘செய்ய மாட்டேன்’ என்ற நாலாவது வாக்கியத்தில்தான் இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

3, 4-ஆவது யூனிட்டுகளின் கட்டுமானம் 2017-இல் தொடங்கியது. 5, 6-ஆவது யூனிட்டுகளுடையது 2021-இல். ஒவ்வொரு யூனிட்டும் சிவில் வேலையிலிருந்து கமிஷனிங்குக்கு நகர நகர, கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு ஆட்கள் தேவை குறையும். உங்கள் ஒப்பந்தம் முடிகிற தேதியை எடுத்துப் பாருங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பங்கள் போயிருக்க வேண்டும். வரும் ஞாயிறு உட்கார்ந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரச்சினைக்குப் பத்து ஐட்டம் எழுதுங்கள். மேலே உள்ள மூன்றுக்கு அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா எழுதுங்கள். அந்தப் பிரச்சினையில் தினமும் மாட்டிக்கொள்கிற ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டி, அவர் ‘இது சரிப்படாது தம்பி’ என்று சொல்லும் இடங்களையெல்லாம் திருத்துங்கள். திருத்திய தாளை ரெஸ்யூமேயோடு சேர்த்து அனுப்புங்கள்.